மேற்கோளுக்கு முகவரி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் தினமும் வரும் பொன்மொழிக் கட்டத்தில் சொன்னவர் பெயர் மட்டும் இருக்கிறது. எந்த நூல், எத்தனையாவது பாடல், எந்தச் சொற்பொழிவு என்ற விவரம் இருப்பதில்லை. அந்தக் கட்டத்தை வெட்டிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார்கள். காலை வழிபாட்டில் பிள்ளைகள் வாசிக்கிறார்கள், பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்கிறார்கள். ஓரிரு கை மாறியதும் சொல் மாறுகிறது. இன்னும் சில கை மாறினால் சொன்னவரே மாறிவிடுகிறார். பிறகு யாராவது நூலகத்துக்கு வந்து, "ஐயா, பாதி வரிதான் ஞாபகம் இருக்கு, இது எதுல வருது?" என்று கேட்கிறார்கள். அந்தப் பாதி வரியிலிருந்து மூலத்தைப் பிடிக்கும் முறைகளைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லவும், தங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கவும் இந்தக் கடிதம்.

முதலில் எங்கள் ராமநாதபுரம் கரையைச் சேர்ந்த அப்துல் கலாமையே எடுத்துக்கொள்வோம். வெற்றி பெற விருப்பம், நம்பிக்கை, எதிர்பார்ப்பு ஆகிய மூன்று சக்திகளையும் அறிந்து வசப்படுத்த வேண்டும் என்ற கருத்து அவர் படத்தோடு பல சுவர்களில் இருக்கிறது. 1999-இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, தமிழில் 'அக்னிச் சிறகுகள்' என்று வந்த அவருடைய தன்வரலாற்றில் பள்ளிப் பருவத்தைச் சொல்லும் தொடக்கப் பகுதியைத் திறந்து பாருங்கள். அது ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் தமக்குப் பாடம் நடத்திய ஐயாதுரை சாலமன் சொன்னது என்று அவரே எழுதியிருக்கிறார். மாணவர் நன்றியோடு ஆசிரியர் பெயரைப் போட்டார். நாம் ஆசிரியர் பெயரை அழித்துவிட்டு மாணவர் பெயரைப் போட்டுக்கொண்டிருக்கிறோம். அன்பில்லாமல் சுட்ட ரொட்டி மனிதனின் பாதிப் பசியைத்தான் ஆற்றும் என்ற வரியும் அப்படித்தான். அது 1923-இல் வந்த கலீல் ஜிப்ரானின் 'தீர்க்கதரிசி' நூலில் உழைப்பைப் பற்றிய பகுதியில் உள்ள கருத்து. கலாம் அதை எடுத்தாண்டார், அவ்வளவுதான்.

இந்த இரண்டிலும் தேடுகிறவருக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டதைத் தமிழில் தேடினால் கிடைக்காது. ஒருவர் 'விருப்பம்' என்று பெயர்த்திருப்பார், இன்னொருவர் 'ஆசை' என்றிருப்பார். இப்படிப்பட்ட மேற்கோளுக்கு மூல மொழி எது என்று முதலில் முடிவு செய்து, அந்த மொழியில் முக்கியமான இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துத் தேட வேண்டும். கிடைத்ததும் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடாமல் முன்னும் பின்னும் இரண்டிரண்டு பக்கம் வாசிக்க வேண்டும். "என்று என் ஆசிரியர் சொல்வார்" என்ற வாக்கியம் மேற்கோளுக்கு முந்தைய வரியிலோ அடுத்த வரியிலோதான் இருக்கும். அதை விட்டுவிட்டு வெட்டியதால் வந்த பிழைதான் பெரும்பாலும்.

இனி, தேடத் தொடங்கும் முன் செய்ய வேண்டியது. நினைவில் இருப்பதை இருக்கிறபடியே ஒரு தாளில் எழுதுங்கள். திருத்தாதீர்கள், இலக்கணம் பார்க்காதீர்கள். உறுதியாக நினைவிருக்கும் சொல்லுக்குக் கீழே கோடு போடுங்கள். விட்டுப்போன இடத்தில் புள்ளி வையுங்கள். எங்கே கேட்டது, யார் வாயிலாகக் கேட்டது, ஏறத்தாழ எந்த ஆண்டு, மேடையா, வானொலியா, பாடப்புத்தகமா, நாட்காட்டித் தாளா என்பதையும் எழுதுங்கள். பாடப்புத்தகம் என்றால் எந்த வகுப்பு, எந்த ஆண்டு என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. இதைச் செய்யாமல் கைபேசியில் தேடத் தொடங்கினால், முதலில் கண்ணில் படும் தவறான வடிவம் மனத்தில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் நினைவில் இருந்த பழைய வடிவம் அதோடு போய்விடும். பிறகு அதை மீட்க முடியாது.

அடுத்து, அது செய்யுளா, உரைநடையா, பழமொழியா, வேத வசனமா என்று வகை பிரிக்க வேண்டும். செய்யுளாக இருந்தால் எதுகையும் மோனையும் துணைக்கு வரும். கீழக்கரை வள்ளல் சீதக்காதியைப் பற்றிய பாட்டு இதற்கு நல்ல சான்று. ஊரில் பெரியவர்கள் "ஒரு தட்டுல பொன்னு, ஒரு தட்டுல நெல்லு" என்று பஞ்சத்தைப் பற்றிய பாட்டு ஒன்று உண்டென்பார்கள், மேற்கொண்டு வராது. அந்தச் சொற்களைக் கணினியில் அப்படியே கொடுத்தால் ஒன்றும் கிடைக்காது. பாட்டு இப்படி இருக்கிறது:

ஓர்தட்டி லேபொன்னும் ஓர்தட்டி லேநெல்லும் ஒக்கவிற்கும்
கார்தட்டிய பஞ்ச காலத்தி லேதங்கள் காரியப்பேர்
ஆர்தட்டி னும்தட்டு வாராம லேஅன்ன தானத்துக்கு
மார்தட்டிய துரை மால்சீதக் காதி வரோதயனே

படிக்காசுப் புலவர் பாடிய கட்டளைக் கலித்துறை. 'ஒரு தட்டில்' என்று தேடினால் வராது, ஏனென்றால் பாட்டில் இருப்பது 'ஓர்தட்டி'. 'தட்டிலே' என்று சேர்த்துத் தேடினாலும் வராது, சீர் பிரித்து அச்சிட்டதில் 'தட்டி', 'லேபொன்னும்' என்று இரண்டாக நிற்கிறது. 'தட்டி' என்ற அளவோடு நிறுத்தி, கூடவே 'சீதக்' என்று கொடுத்தால் கைக்கு வரும். எதுகை எப்படி உதவுகிறது என்றும் பாருங்கள். நான்கு அடியும் ஓர்தட்டி, கார்தட்டி, ஆர்தட்டி, மார்தட்டி என்றே தொடங்குகின்றன. மூன்றாம் அடி மறந்துபோனவருக்குக்கூட அது '-ர்தட்டி' என்றுதான் தொடங்கும் என்று தெரிந்துவிடும். யாராவது வேறு சொல்லைப் போட்டுப் பாடினால் அது இடையில் நுழைந்தது என்றும் தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட உதிரிப் பாடல்களுக்கு முதலில் பார்க்க வேண்டிய நூல் 'தனிப்பாடல் திரட்டு'. 19-ஆம் நூற்றாண்டில் ராமநாதபுரம் சமஸ்தானத்துப் பொன்னுசாமித் தேவரின் விருப்பப்படி தில்லையம்பூர்ச் சந்திரசேகர கவிராச பண்டிதர் தொகுத்தது. பொன்னுசாமித் தேவரின் மகன் பாண்டித்துரைத் தேவர்தான் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். உதிரிப் பாடல்களைத் தேடிச் சேர்க்கும் வேலையை இந்த மண் முன்பே செய்து வைத்திருக்கிறது என்பதை இங்குள்ளவர்களே மறந்துவிட்டார்கள். அதில் கிடைக்காவிட்டால் மு. இராகவையங்காரின் 'பெருந்தொகை'யைப் பாருங்கள். "கற்றது கைமண் அளவு" என்பதை ஆத்திசூடியிலும் மூதுரையிலும் தேடிச் சலித்துப் போகிறவர்கள் உண்டு. அது ஔவையார் பெயரில் உள்ள தனிப்பாடல் வெண்பா. "எறும்புந்தன் கையால்எண் சாண்" என்று முடியும்.

ஔவையாரின் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் தேடுகிறவருக்கு எளிதானவை, அவை அகர வரிசையிலேயே அமைந்தவை. "திரைகடல் ஓடியும் திரவியம் தேடு" என்பதை ஆத்திசூடி என்று சொல்கிறார்கள். இவ்வளவு நீளமாக ஆத்திசூடியில் ஒரு வரியும் வராது என்பதே போதும். கொன்றைவேந்தனில் தகர வரிசைக்குப் போனால், "தந்தை சொல்மிக்க மந்திரம் இல்லை", "தாயிற் சிறந்தொரு கோயிலும் இல்லை" இரண்டுக்கும் அடுத்து 39-ஆவதாக நிற்கிறது. "மாதா பிதா குரு தெய்வம்" அங்கே இல்லை. அங்கே முதல் வரியாக இருப்பது "அன்னையும் பிதாவும் முன்னறி தெய்வம்".

கணினியில் தேடும்போது எந்தச் சொல்லைக் கொடுப்பது என்பதில்தான் திறமை இருக்கிறது. 'உலகு', 'அன்பு', 'நீர்' போன்ற சொற்களைக் கொடுப்பது சிறுகண் வலையை இழுப்பது போல, குப்பைதான் ஏறும். நினைவில் இருப்பவற்றில் எது அரிய சொல்லோ அதை எடுங்கள். அதன் வேற்றுமை உருபையும் விகுதியையும் வெட்டுங்கள். நான்கைந்து எழுத்தோடு நிறுத்துங்கள். கிடைக்காவிட்டால் ன-ண, ல-ள-ழ, ர-ற மாற்றிப் பாருங்கள். 'ஜ' இருந்தால் 'ச' போட்டுப் பாருங்கள். 'ராமன்' கிடைக்காவிட்டால் 'இராமன்'. வல்லினம் மிகும் இடத்தில் ஒற்றோடும் ஒற்றில்லாமலும் பாருங்கள். நூல்கள் முழுவதும் தட்டச்சாகி இருக்கும் மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம் ஆகிய இரண்டிலும் தனித்தனியே பார்க்க வேண்டும். இரண்டு இடத்திலும் சீர் பிரிப்பு ஒன்றுபோல் இருக்காது.

தனுஷ்கோடியில் சுற்றுலாப் பயணிகளிடம் அடிக்கடி சொல்லப்படும் ஒரு செய்தியை வைத்து முழு வழியையும் காட்டுகிறோம். ராமர் இங்கே ஒரு மரத்தடியில் ஆலோசனை செய்தபோது பறவைகளின் இரைச்சலை அடக்கினார், அது புறநானூற்றில் இருக்கிறது என்பது அந்தச் செய்தி. எட்டுத்தொகை முழுவதிலும் 'தனுஷ்கோடி' என்று தேடினால் ஒன்றுமில்லை. 'கோடி' என்றால் எண்ணும் கிளையும் முனையுமாக ஏராளமாக வந்து குவியும். 'இராமன்' என்று கொடுத்தால் இரண்டு இடம் கிடைக்கும். ஒன்று புறநானூறு 378. அங்கே பறவையும் இல்லை, மரமும் இல்லை. அரக்கன் சீதையைக் கொண்டுபோனபோது விழுந்த நகைகளைக் குரங்குகள் எடுத்து இடம் மாற்றி அணிந்த கதை அது. மற்றொன்று அகநானூறு 70. மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடியது:

வென்வேற் கவுரியர் தொன்முது கோடி
முழங்கிரும் பௌவம் இரங்கும் முன்துறை
வெல்போர் இராமன் அருமறைக்கு அவித்த
பல்வீழ் ஆலம் போல
ஒலியவிந் தன்றிவ் அழுங்கல் ஊரே

இதுதான் தேடியது. பாண்டியரின் பழைய கோடிக் கரையில், மறையான ஆலோசனைக்காக ராமன் ஒலியடக்கிய ஆலமரம் போல இந்த ஊரும் ஒலி அடங்கியது என்பது பொருள். 'புறநானூறு' என்ற பெயர் எப்படி ஒட்டியது என்பதும் விளங்குகிறது. ராமன் பெயர் வரும் இரண்டு பாட்டும் யாரோ ஒருவர் நினைவில் கலந்துவிட்டன. பாதி நினைவில் இப்படித்தான் நடக்கும்: செய்தி ஒரு பாட்டிலிருந்தும் நூற்பெயர் இன்னொரு பாட்டிலிருந்தும் வரும். அதனால் நினைவில் உள்ள நூற்பெயரைக் கடைசியாகத்தான் நம்ப வேண்டும்.

அச்சு நூலில் தேடுகிறவர் இந்தப் பாட்டை 'வென்வேற்' என்ற முதற்குறிப்பில் தேடினால் கிடைக்காது. நூலின் பின்னால் உள்ள செய்யுள் முதற்குறிப்பு அகராதி பாட்டின் முதலடியை வைத்துத்தான் அமைந்திருக்கிறது. இந்தப் பாட்டின் முதலடி "கொடுந்திமிற் பரதவர் வேட்டம் வாய்த்தென". கொகர வரிசையில் இருக்கும். நடு அடி மட்டும் தெரிந்தவர், நூலில் வரும் சொற்களை எல்லாம் இடத்தோடு பட்டியலிடும் சொல்லடைவைத்தான் பார்க்க வேண்டும். அல்லது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் (1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது) அந்த அரிய சொல்லைப் பார்க்க வேண்டும். அதில் பொருளுக்குப் பக்கத்தில் மேற்கோளும் நூலின் பெயர்ச் சுருக்கமும் பாட்டு எண்ணும் இருக்கும். பழந்தமிழ் வரி என்று தோன்றினால் அந்த அகராதியே குறுக்குவழி.

பாட்டு கிடைத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. அகநானூறு 70 ராமாயணக் கதை சொல்லும் பாட்டு அல்ல, நெய்தல் திணை, அதாவது கடற்கரைக் காதல் பாட்டு. வேட்டை வாய்த்த பரதவர் அயிலை மீனைப் பகுத்துக் கொடுக்கும் துறைக்குரிய தலைவன் மணம் செய்ய வருகிறான். அதுவரை அவர்கள் காதலைப் பற்றி அலர் (பழிப்பேச்சு) பேசிக்கொண்டிருந்த ஊர் வாயடைத்துப் போனது, அந்த ஆலமரத்தைப் போல என்கிறாள் தோழி. ராமன் வருவது உவமையில்தான். இதைத் தெரிந்துகொண்டு சொல்கிற வழிகாட்டி பயணிகளிடம் இன்னும் நன்றாகவே சொல்ல முடியும். மீன் பங்கிடும் அந்தக் காட்சியை இன்றும் இதே கரையில் பார்க்கலாம்.

எங்கள் மாவட்டத்துக் கீழைக்கடல் தொண்டிக்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். விழா மலர்களிலும் வரவேற்புப் பலகைகளிலும் சங்கப் பாடல்களில் தொண்டி வரும் வரிகளைப் போட்டுக்கொள்கிறோம். ஐங்குறுநூற்றில் 171 முதல் 180 வரை உள்ள தொண்டிப் பத்து சேரநாட்டு மேலைக்கடல் தொண்டியைப் பற்றியது. குறுந்தொகை 128 இதைச் சந்தேகமில்லாமல் காட்டுகிறது. கீழ்க்கடல் அலையருகே சிறகு நைந்து நிற்கும் நாரை, பொறையனின் தொண்டித் துறையில் உள்ள அயிரை மீனுக்கு ஏங்குகிறது என்று பரணர் பாடுகிறார். பொறையன் சேரன். கீழ்க்கடல் ஒரு பக்கம், தொண்டி மறு பக்கம். நம் தொண்டிக்குப் பொருத்தமாகச் சொல்லக்கூடியது சிலப்பதிகாரம் ஊர்காண் காதையில் இருக்கிறது. "வங்க ஈட்டத்துத் தொண்டியோர் இட்ட அகிலும் துகிலும் ஆரமும் வாசமும்" கொண்டல் காற்றோடு மதுரைக்கு வருகின்றன. கொண்டல் கிழக்கிலிருந்து வரும் காற்று. மலர்க்குழுவினர் இதைப் போட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஒரே வரி இரண்டு நூலில் இருக்கும் சிக்கலும் உண்டு. "உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே" புறநானூறு 18-இலும் இருக்கிறது, மணிமேகலை பாத்திரம் பெற்ற காதையிலும் இருக்கிறது. முந்தைய அடியைப் பாருங்கள். "நீரின்று அமையா யாக்கைக்கு எல்லாம்" என்று இருந்தால் புறநானூறு. "மண்திணி ஞாலத்து வாழ்வோர்க் கெல்லாம்" என்று இருந்தால் மணிமேகலை. புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் நீர்நிலை பெருக்கச் சொல்கிறார். மணிமேகலையில் பேச்சு பசிப்பிணி தீர்ப்பது பற்றியது. கண்மாய் தூர்வாரும் விழா அழைப்பிதழுக்கு முதலாவது, அன்னதான அழைப்பிதழுக்கு இரண்டாவது. வரி ஒன்று என்பதால் எதை வேண்டுமானாலும் போடலாம் என்பது சரியல்ல.

குறளில் வருவது வேறு வகைச் சிக்கல், இரண்டு குறள் ஒன்றாகிவிடும். "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" என்று தொடங்குவது 423. "எப்பொருள் எத்தன்மைத் தாயினும்" என்று தொடங்குவது 355. முடிவு இரண்டுக்கும் ஒன்றே. முன்னது அறிவுடைமை, பின்னது மெய்யுணர்தல். எண்ணை வைத்து அதிகாரத்தைக் கண்டுபிடிப்பது எளிது. அதிகாரத்துக்குப் பத்துக் குறள் வீதம் 423 என்றால் 43-ஆவது அதிகாரத்தில் மூன்றாவது. அதேபோல் "நீரின்றி அமையாது உலகு" என்று எழுதுகிறார்கள். குறள் 20-இல் இருப்பது "நீர்இன்று அமையாது உலகெனின்". நற்றிணை முதல் பாட்டில் கபிலரும் "நீரின்று அமையா உலகம் போல" என்கிறார். குறளை அச்சிடும்போது எண்ணையும் போட்டுவிட்டால் சரிபார்க்க அரை நிமிடம் போதும்.

எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது "மெல்லத் தமிழினிச் சாகும்" படும் பாடு. பாரதி சொன்னார் என்று மேடைக்கு மேடை எடுத்து வீசுகிறார்கள். 'தமிழ்த்தாய்' பாட்டில் அடுத்த அடிகளைப் படியுங்கள்: "என்றந்தப் பேதை உரைத்தான் - ஆ! இந்த வசையெனக் கெய்திட லாமோ?" பேதை ஒருவன் சொன்ன பழிச்சொல் அது. அந்தப் பழி தனக்கு வரலாமா என்று தமிழ்த்தாய் துடிக்கிறாள். பாரதி மறுத்ததை அவர் வாயிலேயே போட்டாகிவிட்டது. ஆகவே மூலம் கிடைத்ததும் கேட்க வேண்டிய கேள்வி, இந்த வரியைப் பேசுவது யார் என்பது. அகப்பாட்டில் தலைவியா தோழியா, காப்பியத்தில் எந்தப் பாத்திரம், பாரதியில் அவரா அவர் கண்டிக்கும் ஆளா? இந்தக் கேள்வி இல்லாமல் போட்ட நூற்பெயரும் எண்ணும் பாதிப் பயன்தான்.

பாரதியின் "சிங்களத்தீவினுக்கோர் பாலம் அமைப்போம், சேதுவை மேடுறுத்தி வீதிசமைப் போம்" எங்கள் பக்கத்தில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. எதில் என்றால்தான் திணறுகிறார்கள். 'பாரத தேசம்' என்ற பாட்டு, தேசிய கீதங்கள் பகுதியில் இருக்கிறது. "முத்துக் குளிப்பதொரு தென்கடலிலே" என்பதும் அதே பாட்டுதான்.

சொற்பொழிவில் வந்தது என்றால் நாளும் இடமும்தான் சாவி. விவேகானந்தர் 1897 சனவரி 26-இல் இலங்கையிலிருந்து பாம்பன் வந்து இறங்கினார். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வரவேற்றார். பாம்பன், ராமேசுவரம், ராமநாதபுரம் மூன்று இடத்திலும் பேசினார். ஏழையிலும் எளியவனிலும் நோயாளியிலும் சிவனைக் காண்பவனே உண்மையில் சிவனை வழிபடுகிறவன் என்ற கருத்தைச் சிகாகோவில் சொன்னார் என்று எழுதுகிறார்கள். அது ராமேசுவரம் கோயிலில், உண்மை வழிபாடு பற்றிய பேச்சில் சொன்னது. சிகாகோ 1893, அதில் தேடினால் கிடைக்காது. கொழும்பு முதல் அல்மோரா வரையிலான சொற்பொழிவுத் தொகுப்பில் ராமேசுவரம் என்ற தலைப்பைத் திறந்தால் சில பக்கங்களுக்குள் கண்ணில் படும். "எழுமின், விழிமின்" என்பதோ கடோபநிடதத்தில் (1.3.14) உள்ள வாக்கு. அவர் அதைத் தம் பேச்சுகளில் எடுத்தாண்டார்.

பைபிள் போன்ற வேத வசனங்களில் அத்தியாயமும் வசன எண்ணும் இருப்பதால் எளிது என்று நினைப்போம். ஆனால் பதிப்புக்குப் பதிப்பு தமிழ் மாறும். "மனுஷன் அப்பத்தினாலே மாத்திரமல்ல" என்பது பழைய மொழிபெயர்ப்பு. பொது மொழிபெயர்ப்பில் சொற்கள் வேறு. மத்தேயு 4:4 என்று கண்டுபிடித்த பிறகும் ஒரு படி பின்னால் போக வேண்டும். "எழுதியிருக்கிறதே" என்று இயேசு அங்கே எடுத்துக்காட்டுவது பழைய ஏற்பாட்டு வசனம். ஒரு பதிப்பில் அந்த நூலின் பெயர் உபாகமம், இன்னொன்றில் இணைச்சட்டம். 8:3 இரண்டிலும் ஒன்றே. நபிமொழி என்றால் தொகுப்பின் பெயரும் எண்ணும் கேட்க வேண்டும். "சீனா சென்றாயினும் கல்வி தேடு" என்பது நபிகள் நாயகம் (ஸல்) சொன்னதாகப் பரவலாக எழுதப்படுகிறது. ஆனால் இப்னுல் ஜவ்ஸீ போன்ற ஹதீஸ் அறிஞர்கள் அதை இட்டுக்கட்டப்பட்டவற்றில் சேர்த்திருக்கிறார்கள். கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமை என்பது இப்னு மாஜா என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. பள்ளிச் சுவருக்கு அதைப் போடுவதே நல்லது.

பழமொழிக்கு ஆசிரியர் கிடையாது. "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" யார் சொன்னது என்று கேட்பவருக்கு, அச்சில் எப்போது வந்தது என்றுதான் சொல்ல முடியும். பெர்சிவல் (1874), ஜென்சன் (1897) ஆகியோரின் பழமொழித் தொகுப்புகளை அதற்குப் பாருங்கள்.

பழைய நூல்களின் படவடிவங்களில் தேடும்போது இன்னொரு தடை உண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவற்றில் றா, னா, ணை, லை போன்றவை பழைய வடிவில் இருக்கும். படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள் அவற்றில் தடுமாறும். துணைக்காலையும் ரகரத்தையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். ஆகவே தேடலில் வரவில்லை என்பதால் நூலில் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஐயமுள்ள நூல் என்றால் பொருளடக்கத்தைப் பார்த்து, உரிய அதிகாரத்தைக் கண்ணால் வாசியுங்கள். திருமந்திரம் போன்றவற்றில் பதிப்புக்குப் பதிப்பு பாட்டு எண் மாறுவதால் முதலடியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மூல நூலே மறைந்துபோய், உரையாசிரியர் காட்டிய மேற்கோளாகவோ பிற்காலத் தொகுப்பிலோ மட்டும் வாழும் பாடல்களும் உண்டு. முத்தொள்ளாயிரப் பாடல்களில் பெரும்பாலானவை புறத்திரட்டு என்ற தொகுப்பு வழியாகத்தான் நமக்குக் கிடைத்தன. அப்படிப்பட்டவற்றுக்கு எந்தத் தொகுப்பு வழியாக வந்தது என்று எழுத வேண்டும்.

உள்ளூரில் முடியாதபோது மதுரைத் தமிழ்ச் சங்க நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம், சென்னையில் கன்னிமாரா, உ.வே.சா. நூலகம், பழைய இதழ்களுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று போகலாம். போகும் முன் நாம் சொன்ன அந்தத் தாளையும், ஏற்கெனவே எந்தெந்த நூலில் பார்த்தாகிவிட்டது என்ற பட்டியலையும் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் அங்கே இருப்பவர்களும் முதலிலிருந்தே தொடங்குவார்கள்.

தங்களிடம் வேண்டுவது இதுதான். பொன்மொழிக் கட்டத்தில் பெயருக்குக் கீழே ஒரு வரி ஒதுக்குங்கள்: நூல், பாடல் எண் அல்லது அத்தியாயம், சொற்பொழிவானால் இடமும் நாளும். இடம் போதாது என்றால் எழுத்தளவைக் குறைத்தாவது போடுங்கள். மூலம் கிடைக்காததை இன்னார் சொன்னது என்று போடாமல், 'வழக்கில் உள்ள வாசகம்' என்று போடுங்கள். தவறு என்று வாசகர் சான்றோடு எழுதினால், திருத்தத்தை உள்பக்கத்தில் ஒதுக்காமல் அதே கட்டத்தில் வெளியிடுங்கள். வெட்டி ஒட்டுகிறவர்கள் அந்தக் கட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். வாரம் ஒரு நாள், வாசகர்கள் அனுப்பும் பாதி வரிகளை வெளியிட்டு மற்ற வாசகர்களிடம் விடை கேட்டால் இன்னும் நல்லது. விடை எழுதுகிறவர்கள் பாட்டு எண்ணும் பதிப்பு ஆண்டும் குறிக்க வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். எங்கள் பக்கத்துப் பாதி வரிகள் நிறைய இருக்கின்றன, முதல் வாரத்துக்கு நாங்களே அனுப்பித் தருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்கள், தமிழாசிரியர்கள்,
கீழக்கரை - மண்டபம் - தொண்டி வட்டாரம்,
ராமநாதபுரம் மாவட்டம்.